மதிலுக்குள் நின்றவள்

அந்தப் படத்தின் கதை எல்லாரும் கேட்ட பழங்கதைதான். ராஜா கட்டுகிற கோட்டை மதில் பகலில் எழும்பும், விடிந்தால் இடிந்து கிடக்கும். காலையில் கொத்தர்களுக்குச் சோறு கொண்டுவருகிற முதல் பெண்ணை உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும் என்று குறிகாரன் சொல்லிவிட்டான். வீட்டில் மூச்சு விடமாட்டோம் என்று கொத்தர்கள் அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள். செய்துவிட்டு நேராகப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னார்கள். சொல்லாதவன் இளையவன் ஒருவன்தான். மறுநாள் சோற்றுப்பானையோடு வந்தவள் அவன் மனைவி.

படத்துக்காக அந்த மதிலைக் கட்டியவர் செட் மேஸ்திரி. செட்டில் சுவர் என்றால் காமிரா பார்க்கிற பக்கம் மட்டும்தான். பின்னால் முட்டுக்கட்டைதான் எல்லாம். முன்பக்கம் பளிச்சென்று இருந்தால் போதும் என்று கை பழகிப்போன மனுஷர். இந்தத் தடவை டைரக்டருக்கு அட்டைச் சுவர் ஆகாதாம், கனம் தெரிய வேண்டுமாம். நிஜச் செங்கல் அடுக்கினார்கள். மழை வேறு பிடித்துக்கொண்டது. பூச்சு காயவில்லை, அடி வரிசையில் வெடிப்பு ஓடியிருந்தது.

ரெண்டு நாள் பொறுக்கணும் என்று மேஸ்திரி மேனேஜரிடம் போய் நின்றார். நாளையோடு இடத்தைக் காலி செய்தாக வேண்டும் என்றார் மேனேஜர். விஷயம் வெளியே கசிந்தால் கூட்டக் காட்சியில் நிற்க ஒருத்தரும் வரமாட்டார்கள், வாயைத் திறக்கிறவனுக்கு அடுத்த படத்தில் வேலையும் கிடையாது. செட் ஆட்கள் எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்தார்கள்.

மதிலுக்குள் நிற்கப்போவது மேஸ்திரியின் மனைவி. கதாநாயகிக்கு டூப் அவள்தான். இத்தனை படத்திலும் கை, முதுகு, கொண்டை என்று துண்டு துண்டாக வந்தவள். அன்று வீட்டில் கண்ணாடி முன்னால் கையை மேலே தூக்கித் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். கூடுதலாக முட்டுக் கொடுத்தால் மதில் தாங்கிவிடும் என்று மனசுக்குள் பூசி மெழுகிக்கொண்டார். அவளிடம் வெடிப்பைப் பற்றிச் சொல்லவில்லை. கேட்டால், கொடுத்த வாக்காம்! பயம் ஐயா, வேலை போய்விடும் என்கிற பயம், வேறென்ன?

காலையில் நினைத்தபடி கூடுதல் முட்டும் கொடுத்தார். பாதி எடுத்தபின் டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. காமிராவைப் பின்பக்கம் கொண்டுபோனார். கட்டைகள் தெரிகின்றன, எடுங்கள் என்றார். மேஸ்திரி வாயைத் திறந்தார். மேனேஜர் ஒரு பார்வை பார்த்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. கட்டைகளை மேஸ்திரியே தன் கையால் உருவினார். கடைசிக் கட்டை வந்ததும் மதில் உள்ளே நின்றவள் மேல் சரிந்தது.

அவள் உயிர் தப்பியது. இடுப்பும் ஒரு காலும் போயிற்று. இனிமேல் கட்டை ஊன்றாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த செட் தச்சன் மனைவி நல்லவள்தான், நாக்குதான் சும்மா இருக்காது. கூட்டத்தில் நிற்க அவளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். நல்லவேளை, வீட்டுக்காரர் போகாதே என்று தடுத்துவிட்டாராம். செட் ஆட்கள் எல்லார் வீட்டிலும் அப்படித்தானாம். சொல்லி முடித்த பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்று உறைத்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேஸ்திரியின் மனைவி அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எல்லாரும் வீட்ல சொல்லியிருக்காங்க," என்றாள்.

முட்டு தாங்கும் என்று நினைத்ததை, டைரக்டர் யோசனை மாற்றியதை, எல்லாவற்றையும் மேஸ்திரி சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"கதையில வர்றவன் ராஜாவுக்குப் பயந்தான். சொன்னா தலை போயிடும். நீங்க யாருக்குப் பயந்தீங்க?"

மேனேஜருக்கு என்று சொல்ல வந்தவர் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

வீட்டுக்குப் போகிற நாளில் அவள் தன் அண்ணனை வரச் சொல்லியிருந்தாள். கட்டிலிலிருந்து இறக்க மேஸ்திரி தோளைக் கொடுத்தார்.

"வேணாம். அண்ணன் பிடிச்சுக்குவாரு," என்றாள்.

மேஸ்திரி மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார்.