பத்தொன்பது பேர் பெற்ற லிமிடெட்

2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மூன்றாவது பாடவேளையில், பனியன் கம்பெனிகள் நிறைந்த நெருப்பெரிச்சல் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு வணிகவியல் பிரிவுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அன்று பனியன் வெட்டியதில் மிஞ்சும் வெள்ளைத் துணித் துண்டு, அதாவது கட்டிங் வேஸ்ட், கிலோ இருபத்திரண்டு ரூபாய்க்குப் போனது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை.

அந்தப் பிரிவில் அப்போது பத்தொன்பது பேர் படித்தார்கள். இருபதுக்குக் குறைந்தால் பிரிவை மூடிவிடுவது அந்தக் கால வழக்கம். செப்டம்பரில் கல்வி அதிகாரி தலை எண்ண வருவார். மூடினால் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறி அவிநாசிக்குப் போய்ப் படிக்க வேண்டும். முதல் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் இரண்டாவது பஸ்ஸில் ஏறமாட்டார்கள், வழியிலிருக்கும் ஏதாவது பனியன் கம்பெனியில் நுழைந்துவிடுவார்கள் என்பது வணிகவியல் ஆசிரியை நாகஜோதிக்குத் தெரியும். ஜூன் மாதம் இருபது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இருபதாவது ஆளான அபிராமி பத்தாம் வகுப்பில் நானூற்றுப் பதினொன்று வாங்கியவள். பன்னிரண்டு நாள் வந்தாள். பதின்மூன்றாம் நாள் அவள் அப்பா சந்தனம், பள்ளிக்கு எதிரே இருந்த கம்பெனியில் அவளைச் செக்கிங் டேபிளில் நிறுத்திவிட்டார். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பிரிக்கிற வேலை. கம்பெனி ஜன்னலிலிருந்து வகுப்பறைக் கரும்பலகை தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியபடி நின்று வேலை பார்த்தாள்.

நாகஜோதி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். பாடம் நடத்தும்போது நடுவில் வெகுநேரம் பேசாமல் நிற்பார். முதலில் மறதி என்று நினைத்த மாணவர்கள், பிறகு அதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் அவர் நிறுமம், அதாவது கம்பெனி, என்ற பாடத்தைத் தொடங்கியிருந்தார். நிறுமம் என்பது சட்டம் படைத்த செயற்கை மனிதர்; அவரைக் காண முடியாது, தொட முடியாது, அவருக்கு மரணம் இல்லை, கை இல்லாததால் முத்திரைதான் அவருடைய கையெழுத்து என்று புத்தகத்தில் இருந்ததை வாசித்தார். நெருப்பெரிச்சலில் நாலு தையல் மிஷின் போட்ட எல்லா இடத்துக்கும் கம்பெனி என்றுதான் பெயர். ஆகவே வகுப்பு சிரித்தது.

"டீச்சர், எங்கப்பா கம்பெனி தகரம் போட்ட கொட்டாயிங்க. அதுவும் மனுசனுங்களா?" என்று கேட்டான் தரணி. அவன் அப்பாவுக்கு எட்டு ஓவர்லாக் தையல் மிஷின்கள் இருந்தன.

"அது ஒங்கப்பாதான்ல. அவரு காய்ச்சல்னு படுத்தா கம்பெனியும் படுத்துரும். நான் சொல்லுதது தனி ஆளு. பெத்தவன் போயிட்டாலும் நிக்கும்."

"அப்ப பேய்ங்களா டீச்சர்?"

நாகஜோதி சாக்பீஸை மேசையில் வைத்தார். பிறகு, நீங்களே ஒன்றை உண்டாக்கிப் பாருங்கள் என்றார்.

வெறும் பயிற்சிதான். புத்தகத்தில் சொன்னபடி, நிறுமத்தின் பெயரையும் நோக்கத்தையும் சொல்லும் அமைப்பு முறையேடு எழுதினார்கள். ஊர் வழக்கப்படி சாமி பெயர் வைக்கலாம் என்றார்கள் சிலர், முதலாளி மகள் பெயர் வைக்கலாம் என்றார்கள் சிலர். முதலாளிகளே பத்தொன்பது பேர் என்பதால் கடைசியில் 'பத்தொன்பது நிட்ஸ் லிமிடெட்' என்று முடிவாயிற்று. தரணி டவுனில் ரப்பர் முத்திரை செய்து வாங்கிவந்தான். அதோடு விட்டிருந்தால் அது பயிற்சியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் புதிதாக எது வந்தாலும் பூஜை போடாமல் சுவிட்சில் கை வைக்கமாட்டார்கள். பிள்ளைகள் முத்திரைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வராந்தாவில் பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்தார்கள். பூஜையைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. முதல் முத்திரை காகிதத்தில் விழுந்ததும் கடைசி பெஞ்சு ஓர் ஆள் கனத்துக்குத் தாழ்ந்தது. பக்கத்துப் பின்னல் கொட்டகைகளிலிருந்து ஜன்னல் வழியே எப்போதும் பஞ்சு பறந்து வரும். அந்தப் பஞ்சு கடைசி பெஞ்சருகில் வந்ததும், தோளும் தலையும் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு இருபுறமும் விலகிப் போனது.

"புதுசா வந்திருக்கியா? பேரச் சொல்லு" என்றார் நாகஜோதி. முத்திரை தானாக எழும்பிவந்து வருகைப் பதிவேட்டில் விழுந்தது. அவர் பாடத்தைத் தொடர்ந்தார்.

ஒரே வாரத்தில் எல்லோரும் அதை லிமிடெட் என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். லிமிடெட் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை. வீட்டுப்பாடத்தை நீல மையில், யாருடைய கையெழுத்தையும் போல இல்லாத எழுத்தில் எழுதி, அடியில் முத்திரை வைத்தது. முதல் தேர்வில் ஐம்பதுக்கு முப்பத்தெட்டு. ஆயுள் காப்பீட்டின் அவசியத்தை விளக்குக என்ற கேள்விக்கு 'எனக்குப் பொருந்தாது' என்று எழுதிப் பத்து மதிப்பெண்ணை இழந்தது. கம்பெனி வேலையில் இருந்த பிள்ளைகள் டீ நேரத்தில் வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். அபிராமியும் ஒருநாள் வந்தாள். பலகையில் இருந்த விடையில் ஒரு பிழையை ஜன்னலுக்கு வெளியிலிருந்தே சொல்லிவிட்டு, மணி அடித்ததும் ஓடினாள். கடைசி பெஞ்சு நகர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பியதை முதல் வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

செப்டம்பர் கடைசி வெள்ளியன்று அதிகாரி வந்தார். எண்ணினார். பத்தொன்பது. தலைமையாசிரியர் நல்லான் கைகளைப் பிசைந்துகொண்டு, கடைசி பெஞ்சில் இன்னும் ஒருவர் இருக்கிறார் என்றார். முத்திரை பதிவேட்டில் விழுந்தது. அதிகாரி இருபத்தாறு வருடச் சர்வீஸில் பலவற்றைப் பார்த்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவரும் வணிகவியல் படித்தவர்தான்.

"பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருக்கா?"

"பொறந்தே நாப்பது நாள்தான் ஆகுதுங்க சார்" என்றான் தரணி.

"அப்ப சேர்க்க முடியாதுப்பா. அதோட, புத்தகத்த நல்லாப் படிச்சீங்களா? நிறுமம் தானா எதையும் செய்யாது. அதுக்காகச் செய்யறதுக்கு ரத்தமும் சதையுமா ஒரு இயக்குநர் வேணும். உங்க லிமிடெட்டுக்கு இயக்குநர் யாரு?"

பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். இயக்குநர் என்ற பாடம் அடுத்த மாதத்துக்கு இருந்தது. திங்கள்கிழமை மறுபடி வருகிறேன், இருபது தலை இல்லையென்றால் மூடச் சொல்லி எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார். அவர் போன பிறகு மேசைமேல் ஒரு காகிதம் கிடந்தது. முத்திரை வைத்த இயக்குநர் பணி நியமன ஆணை. அதில் அபிராமியின் பெயர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாகஜோதி அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் சந்தனம் குடியிருந்த வீட்டுக்குப் போனார். சந்தனமும் தெற்கேயிருந்து வந்தவர், அயர்ன் மாஸ்டர். தன் சட்டையைத் தவிர ஊர்ச் சட்டை எல்லாவற்றையும் தேய்த்தவர்.

"அண்ணாச்சி, மகளுக்கு வேல வந்திருக்கு."

"அவ வேலைக்குத்தான டீச்சர் போயிட்டிருக்கா."

"இது டைரக்டர் வேல."

சந்தனம் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மை கலையவில்லை. "லிமிடெட்டா? எங்க மொதலாளியே இன்னும் லிமிடெட் ஆகலியே" என்றார். குரல் தாழ்ந்துவிட்டது. "டூட்டி எப்ப?"

"ஒம்பதரைக்குப் போயி நாலு பத்துக்கு வந்துரலாம். உக்காந்த எடத்துல வேல."

"ஓவர்டைம் உண்டா?"

"பரீட்சைக்கு முந்தி உண்டு."

அடுப்பருகே இருந்த அபிராமி சிரிப்பை அடக்கப் பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள். சந்தனம் அவளைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார்.

"படிப்புன்னு சொல்லாம வேலன்னு சொல்லுதீங்க. வெளங்குது டீச்சர். நான் என்ன, புள்ளைய மெஷினுக்குத் திங்கக் குடுக்கவா ஆசப்படுதேன்? அவ சம்பளத்துலதான் இந்த வீட்டு வாடக. அவ அங்க வந்துட்டா அந்த டேபிள்ல யாரு நிப்பா?"

 நாகஜோதியின் மௌனங்களிலேயே நீளமானது அப்போது வந்ததுதான் என்று அபிராமி பின்னாளில் சொன்னாள். குழாயில் தண்ணீர் வந்து, மூன்று வீட்டார் பிடித்து முடிக்கும் வரை நீடித்தது. பிறகு சந்தனம் காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்தார். அதன் பின்பக்கத்தில் ஈரம் காயாத நீல மையில், 'அந்த இடத்தில் நான் நிற்கிறேன்' என்ற ஒரு வரியும் முத்திரையும் இருந்தன. சந்தனம் அதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை வாசித்தார். எழுந்து போய், தன் வாழ்நாளில் முதல் முறையாக மகளின் பாவாடை தாவணியைத் தேய்த்துவைத்தார்.

திங்கள்கிழமை அதிகாரி இருபது தலைகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டார். லிமிடெட்டுக்காக அபிராமி வகுப்பில் உட்கார்ந்தாள்; அபிராமிக்காக லிமிடெட் செக்கிங் டேபிளில் நின்றது. பனியன்கள் தாமாக விரிந்து, திரும்பி, வெளிச்சத்துக்கு எதிரே உயர்ந்து, நல்லது ஒரு பக்கமும் கெட்டது ஒரு பக்கமுமாக விழுந்தன. சூப்பர்வைசர் வேலுமணி முதல் நாள் தேங்காய் உடைத்தார். இரண்டாம் நாள் பீஸ் எண்ணிப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் அபிராமியைவிட நாற்பது பீஸ் அதிகம். சனிக்கிழமை சம்பளத்தை அபிராமி பெயரிலேயே கொடுத்தார். வாரக் கடைசியில் பள்ளிக்கு வந்து, "ஏனுங்க டீச்சர், டீ குடிக்கறதில்லீங்க, செல்போன் பேசறதில்லீங்க. இந்த மாதிரி இன்னும் ரெண்டு ஆளு கெடைக்குமுங்களா?" என்று கேட்டார்.

ரெண்டு ஆள் தேவையில்லை, ஒரே நிறுமத்துக்கு எத்தனை கிளை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அபிராமி பாடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள். அப்படித்தான் அடுத்த ஆண்டு நல்லூரில் ஒரு கிளை திறந்தார்கள். அங்கே தையல் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பழனியம்மாள் டைரக்டராகி வகுப்புக்கு வந்தாள். 2006இல் அபிராமி ஆயிரத்து நூற்று மூன்று மதிப்பெண் வாங்கி பி.காம். சேர்ந்தாள். தரணியும் மற்றவர்களும் பள்ளியை விட்டுப் போனார்கள். பெற்றவர்கள் போன பிறகும் லிமிடெட் நின்றது. 2008 கடைசியில் வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்து பல கம்பெனிகள் ஆள் குறைத்தன. வேலுமணியும் ஆறு பேரை நிறுத்தினார். லிமிடெட்டை எந்தக் கதவு வழியாக வெளியே அனுப்புவது என்று தெரியாததால் அந்த டேபிளை அப்படியே விட்டுவிட்டார்.

2009 ஜூனில் அந்தப் பிரிவில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் பதினொரு பேர் டைரக்டர்கள். அவிநாசி வரைக்கும் பதினொரு டேபிள்களில் ஆள் தெரியாமல் வேலை நடந்தது. செப்டம்பரில் புது அதிகாரி ஒருவர் தலை எண்ண வந்தார். பெயர்களுக்கு எதிரே டைரக்டர் என்று எழுதியிருப்பது என்ன என்று கேட்டார். நாகஜோதி சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டு, லிமிடெட் எப்போதாவது லீவு எடுத்ததுண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, கழிப்பறைக் குழாய்களில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனார்.