மென்பொருளோடு வந்தவர்

இலவச மென்பொருளோடு ஒரு ஆளும் வருவார் என்பது கோபிச்செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வசந்தாமணியின் பிரவுசிங் சென்டருக்கும் வந்தார்.

ஐந்து கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று இணைக்க அவள் காலையில் ஒரு மென்பொருளை இறக்கினாள். அது 'அடுத்து' என்றது. அழுத்தினாள். மறுபடியும் 'அடுத்து' என்றது. அதையும் அழுத்தினாள். நடுவே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. சும்மா கொடுப்பவரிடம் கேள்வி கேட்பது அந்த ஊரில் மரியாதையில்லை.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஐந்து மானிட்டர்களின் மேலும் நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

"நானும் இலவசம்தானுங்க."

"என்ன வேலை செய்வீங்க?"

"வாசலை மாத்துவேனுங்க."

மாற்றியும்விட்டார். அதன்பிறகு கடைக்கதவைத் திறந்தவர்கள் கடைக்குள் வரவில்லை. ஒரு மெத்தைக் கடைக்குள் போனார்கள். பளிங்குத் தரை, ஏசி, கண்ணுக்கு எட்டியவரை மெத்தைகள். அங்கே படுத்துப் பார்க்கச் சொன்னார்கள். படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கென்று பார்த்து அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். பாதி ஊர் வசந்தாமணியை நம்பித்தான் இருந்தது. அந்தப் பாதி ஊரும் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுவது அவளுக்குக் கேட்டது. தனியாளாக நின்று நடத்தும் கடை.

"நேரமாச்சுங்க, போயிட்டு வாங்க" என்றாள்.

போனார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வந்தார். அவருக்கு மட்டும் கதவு ஒழுங்காகத் திறந்தது. பழையபடி படுத்துக்கொண்டார்.

வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள். போனார். தலையணையோடு வந்தார்.

கும்பிட்டு அனுப்பிப் பார்த்தாள். போர்வையோடு வந்தார்.

"ஏனுங்க, எத்தனை தடவைதான் உங்களை அனுப்பறது?"

"எத்தனை தடவை வரச் சொன்னீங்களோ அத்தனை தடவைங்க. சொல்லாம நான் வந்ததே இல்லை."

நியாயமான ஆள்தான். வசந்தாமணி ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தாள். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, யாரையும் வெறுமனே போகச் சொல்லி அவள் கேட்டதில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவர்களைக்கூட வரச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வெறும் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்றே அவள் நம்பியிருந்தாள்.

வெயில் இறங்கத் தொடங்கியது. அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"போங்க" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் ஹாரன் சத்தம் நின்றது. ஆள் எழுந்து உட்கார்ந்தார்.

"நிச்சயமாவா?"

"நிச்சயமாங்க."

"மனசு மாறிடாதுங்களே?"

"மாறாதுங்க. உங்களை எனக்குப் பிடிக்கலை. போங்க."

இரண்டாம் முறை சொல்வது சுலபமாக இருந்தது. இனிப்பாகக்கூட இருந்தது. நாக்கும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆள் கோபித்துக்கொள்ளவில்லை. போர்வையை மடித்தார். "ஒரு தடவை எல்லாத்தையும் அணைச்சுப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். போனார். அவ்வளவுதான்.

வசந்தாமணி மெயின் சுவிட்சை அணைத்தாள். கம்ப்யூட்டர்கள் அணைந்தன. தெரு அணைந்தது. பஸ் ஸ்டாண்டு அணைந்தது. கோபி ஊர் மொத்தமும் இருட்டில் அவள் விரலுக்காகக் காத்திருந்தது. அவளுக்குப் பயமாக இல்லை. பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் போட்டாள்.

முதலில் பஸ் ஸ்டாண்டு எழுந்தது. அப்புறம் சத்தியமங்கலம் பஸ் கண்டக்டரின் விசில். அப்புறம் வெயில், விட்ட இடத்திலிருந்து. கடைசியாகக் கதவு திறந்தது. கன்னத்தில் மெத்தையின் தையல் பதிந்த முகங்களோடு பாதி ஊர் வாசலில் நின்றது. கால் எடுத்து வைத்தார்கள். கடைக்குள்ளேயே வந்தார்கள்.

"இன்னும் நேரம் இருக்குங்களா?" என்று முன்னால் நின்றவர் கேட்டார்.

"நான் சுவிட்சைப் போட்டப்புறம்தானுங்க மணியே ஓடுது" என்றாள் வசந்தாமணி. "வாங்க."