அழுத நாளில் ஒன்று

1.

“என் மாத்திரை அட்டைய முழுசாக் குடும்மா. எல்லார் முன்னாடியும்தான் கேக்கறேன்.”

அப்படிக் கேட்கக் கூடாது என்று அம்மா தெல்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் கேள், மெதுவாகக் கேள், வீட்டு முன்னால் நம் பெட்டிக்கடை ஜன்னலில் ஆள் நிற்கும்போது மட்டும் வாயைத் திறக்காதே. ஜோவிலின் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுதான் கேட்டாள்.

இந்தக் கதை ஒரு கத்தரிக்கோல் மேல் எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. பிலிப்பைன்ஸில், இலோயிலோ நகரத்தில், எங்கள் தெருவில் யாரும் எதையும் முழுசாக வாங்குவதில்லை. ஷாம்பு ஒரு பொட்டலம். சிகரெட் ஒன்று. தலைவலி மாத்திரை ஒன்று, அதுவும் தலை வலித்தால். மகளின் மனச்சோர்வு மாத்திரையையும் தெல்மா அப்படியே அட்டையிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டிக் கொடுத்தாள்: அழுத நாளில் ஒன்று. அழாத நாளில் இல்லை.

2.

(முதலில் எழுதிய ஆரம்பம்: “வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, ஜோவிலினின் மனதிலும்…” வேண்டாம். மனச்சோர்வு என்றதும் மழையைக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிகிறது.)

மருந்தைச் சொல்லிவிடுகிறேன். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்பிடம் செரட்டோனின் என்ற சரக்கை நீட்டும். மிச்சத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். மாத்திரை அந்தத் திரும்ப எடுக்கும் வழியை மறிக்கிறது. சரக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெளியே கிடக்கிறது. அதற்காக அன்றைக்கே மனசு தெளியாது; மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். (குறைந்துபோன ரசாயனத்தை நிரப்புகிறது, அவ்வளவுதான் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். முழுக்கதை டாக்டர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.) தினமும் விழுங்கினால்தான் வேலை செய்யும். விட்டு விட்டு விழுங்கினால் தலை சுற்றும், உள்ளே ஷாக் அடித்த மாதிரி வெட்டும். ஜோவிலினுக்கு மூன்று வாரமாய் அதுதான்.

3.

வினிகர் வாங்க வந்த பக்கத்து வீட்டு பெர்லா ஜோவிலினை ஏற இறங்கப் பார்த்தாள். “இண்டாய், பொண்ணே, இன்னிக்கு நல்லாத்தானே இருக்கே? மாத்திரை எதுக்கு?”

“நீங்க பிரஷர் மாத்திரைய மயங்கி விழுந்தப்புறந்தான் திங்கறீங்களா, பெர்லாக்கா?”

“ஆமா. பின்ன?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தெல்மா சிரிக்கவில்லை.

“காலேஜுக்கு அனுப்பினது என்னைத் தெருவுல வெச்சுக் கேள்வி கேக்கவா?”

“கேக்கத்தான். இந்த வீட்டுல வேற யாரு கேக்கறது?”

இந்த இடத்தில் தெல்மாவைக் கொடுமைக்காரி ஆக்குவதாக இருந்தேன். அறியாமை பற்றி ஒரு பத்தி, நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன். ஏனென்றால் அவள் ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்து மருந்தோடு வந்த, எட்டாக மடித்த விவரத் தாளை எடுத்து நீட்டினாள்.

“இருபத்தஞ்சு வயசுக்குள்ள இருந்தா, ஆரம்பத்துல சாகற நெனப்பு வரலாம், கவனமாப் பாத்துக்கணும்னு இதுல போட்டிருக்காம். நர்ஸ் பொண்ணு படிச்சுச் சொன்னா. முழு அட்டைய உன் கையில குடுத்துட்டு நான் எப்படிடி தூங்குவேன்?”

ஜோவிலினுக்கு வயது இருபத்துமூன்று. தாளில் இருந்தது உண்மை. அம்மாவிடம் பாதி நியாயம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை. கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

(முடிவு அ: இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நடுவில் கடை ஜன்னலின் கம்பி இருக்கிறது, நடக்காது. முடிவு ஆ: ஆறு வாரம் கழித்து, ஒரு காலையில் அவள்… எனக்குத் தெரியாததை எப்படி எழுத?)

4.

“சரி. அட்டை உன்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் ஜோவிலின். “ஆனா டாக்டர் சொன்னப்புறம் தினமும் காலைல ஏழு மணிக்கு ஒண்ணு. நான் அழுதாலும் குடு, சிரிச்சாலும் குடு.”

“இப்ப எங்க கெளம்பிட்டே?”

“டாக்டர்கிட்ட. விட்டு விட்டுத் தின்னதைச் சொல்லி, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேக்கணும்.”

“நான்தான் வெட்டிக் குடுத்தேன்னு சொல்லாதே.”

“சொல்வேன். நீ ஏன் வெட்டினேன்னும் சொல்வேன்.”

தெல்மா கூப்பிட்டாள் என்று எழுதி ஜோவிலினைத் திரும்பிப் பார்க்க வைக்க முயன்றேன். திரும்பவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு என்ன நடந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள், வேண்டுமானால் நீங்களே போய் ஜன்னலில் நில்லுங்கள். அவள் என்னைத் தாண்டி, ஜீப்னி வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.