அழகம்மா பூசிய பச்சை

வாருங்கள், கூலிம் நகரத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டு வாசலில் நடக்கவிருக்கும் அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள். உள்ளே கூடத்தில் அழகம்மா கிடத்தப்பட்டிருக்கிறாள். நேற்றுக் காலை தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள், எழவில்லை. வெளியே அவள் கணவன் குழந்தைவேலு, பந்தலுக்கு இடம் விடுவதற்காக ஒரு நீண்ட பச்சைப் பெஞ்சைச் சுவரோரம் இழுத்துக்கொண்டிருக்கிறான்.

அநீதி அந்தப் பெஞ்சைப் பற்றியது.

பழைய மரச்சாமான்களைப் பார்த்து அப்படியே புதிதாகச் செய்து கொடுக்கும் பட்டறையில் அழகம்மா வண்ணம் பூசுகிறவள். கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றைக் காட்சிக்கூடமாக்குகிறவர்கள் அந்தப் பட்டறையிடம் இரண்டு பொருள்கள் கேட்டார்கள். ஒன்று, துரையின் நாற்காலி. மற்றொன்று, தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் கிடந்த பெஞ்சு. நாற்காலிக்கு முகம் பார்க்கும் அரக்கு மெருகு வேண்டுமாம். பெஞ்சைச் சங்கிலியால் அடித்துத் தழும்பேற்றி, கரி தேய்த்து, அழுக்கேறியதாக்க வேண்டுமாம். ஒரே தோட்டம், ஒரே மரம், ஒரே காலம்! தொழிலாளியின் வீடு அழுக்கென்று தீர்ப்பெழுதியவர் யார்? எந்தத் தொழிலாளியைக் கேட்டு எழுதினார்?

மெர்போக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த அழகம்மா மறுத்தாள். பெஞ்சை வீட்டுக்கே கொண்டுவந்து, ஆளிவிதை எண்ணெயில் பச்சைப் பொடியைக் குழைத்து, அந்தக் காலத்து முறையில் பூசினாள்.

"கேட்டத அடிச்சிக் குடுத்துட்டுப் போயேன் புள்ள. ஒரு பெஞ்சுக்கா இவ்ளோ சண்ட?" என்று போன வாரம் சொன்னவன் குழந்தைவேலுதான். அவள் தூரிகையை எண்ணெயில் தோய்த்தாள்.

பெஞ்சை நகர்த்திய இடத்தில் மூன்று மாதிரிப் பலகைகள் கிடந்தன. குனிந்து எடுத்தான். ஒன்றில் மெழுகிட்ட வெறும் மரம். ஒன்றில் தழும்பும் கரியும். ஒன்றில் பச்சை. திருப்பினால், பின்புறம் அவளுடைய பென்சில் எழுத்து. மெழுகுக்குப் பின்னால் "வசதியானவங்க வீடு". கரிக்குப் பின்னால் "அவங்க நெனக்கிற வீடு". பச்சைக்குப் பின்னால் "எங்க வீடு".

பட்டறை முதலாளி கிருஷ்ணகுமார் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையுமாக வந்தார். மாலையை வைத்துக் கும்பிட்டார். வெளியே வந்தவர், குழந்தைவேலு தடுப்பதற்குள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, இப்ப கேக்கக்கூடாதுதான். நாளைக்கு லோரி வருது. நான் எடுத்துட்டுப் போயி, செயின்ல ரெண்டு போடு போட்டு, லேசா கரி தேச்சி..."

"கரி தேய்க்கணும்னா ஒன் மூஞ்சில தேச்சிக்க லா, தம்பி!" கன்னத்துக் கண்ணீரைத் துடைக்காமலே சீறினாள் அழகம்மாவின் அக்காள் செல்லாயி. "எங்க லயத்து பெஞ்ச வாராவாரம் சாம்பல் போட்டுத் தேச்சவ நானு. தீபாவளிக்குத் தீபாவளி அப்பா பச்ச அடிப்பாரு. கரியாம் கரி!"

"கஸ்டமர் கேக்குறாங்க அக்கா. நான் என்னா பண்றது?"

குழந்தைவேலு பச்சைப் பலகையை அவர் மடியில் வைத்தான். "இத அவங்ககிட்ட காட்டுங்க. கரிதான் வேணும்னா பெஞ்சு இங்கேருந்து போவாது."

முப்பது ஆண்டுகள் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவன். யாரிடமும் மறுத்துப் பேசி அறியாதவன். தன் குரல் தனக்கே புதிதாயிருக்க, நின்றான்.

கிருஷ்ணகுமார் ஏதோ சொல்ல எழுந்தார். பாதி எழுந்ததும் கால்சட்டை பெஞ்சோடு நின்றது. எண்ணெய்ப் பூச்சு மேலே காய்ந்ததுபோல் நடிக்கும்; மழைக்காலத்தில் அதன் ஈரம் நாள்கணக்கில் போகாது. பிய்த்துக்கொண்டு நிமிர்ந்தவரின் பின்புறமெங்கும் பச்சை.

"அங்கிள், அம்மா பிடிச்சி வச்சிட்டாங்க!" என்றாள் மகள் நளினி. அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. செல்லாயியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிருஷ்ணகுமார் மட்டும் உள்ளங்கையில் ஒட்டிய பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி," என்றார் மெதுவாக. "ஒரு தீபாவளிக்கு லயத்துல பலகாரம் சாப்புடக் கூப்புட்டாங்க. புது வெள்ள சிலுவார் போட்டுட்டுப் போயி பெஞ்சுல உக்காந்தேன். இதே மாதிரி ஒட்டிக்கிச்சி. வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட செம அடி." உள்ளங்கையைப் பெஞ்சோடு ஒத்துப் பார்த்தார். "இதே பச்சதான் அண்ணே. எப்படி மறந்தேன்னு தெரியல."

பலகையைக் கைக்குட்டையில் சுற்றினார். "நான் பேசிக்கிறேன். அவங்களுக்கு வேணாம்னா பெஞ்ச என் பட்டற வாசல்ல போட்டுக்குறேன். தடம் விழுந்திருச்சே, ஆள் அனுப்பிப் பூசட்டுமா?"

"வேணாம். அடிச்ச தழும்பதான் அவ வேணாம்னு சொன்னது. உக்காந்த தடம் இருந்துட்டுப் போவட்டும்."

உள்ளே தேவாரம் தொடங்கியது. குழந்தைவேலு செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குப் போனான்.

மாதங்கள் கடந்துவிட்டன; இன்று காட்சிக்கூடத்தில் துரையின் பளபளக்கும் நாற்காலிக்கு எதிரே அந்தப் பெஞ்சு பச்சையாகவே கிடக்கிறது. குனிந்து பார்த்தால் துணியின் இழைகள் பதிந்த தடம் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். லயத்து வாசலில் எந்தக் கயிறு இருந்தது? திறப்பு நாளன்று குழந்தைவேலு அதைத் தூக்கிக் குனிந்து நுழைந்து, பெஞ்சின் ஓர் ஓரமாக உட்கார்ந்தான். பக்கத்தில் இடம் விட்டிருந்தான்.

போங்கள். கயிற்றை அவிழுங்கள். உட்காருங்கள்.