பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஷீஷாக் கடை

சுஐபு மாதிரி ஒரு கிறுக்கனை வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. இதை அவன் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் உங்களிடம் சொல்வது புறணி ஆகாது.

நாங்கள் இரண்டு பேரும் கீழக்கரையில் ஒரே தெரு. பர் துபாயில் ஒரு சந்துக்குள் அவன் ஷீஷாக் கடை நடத்தினான். நான் அங்கே டீ மாஸ்டர். ஷீஷா என்றால் கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் குமிழியிட, நீளக் குழாய் வழியாக ஆப்பிள் வாசனையோடு புகை இழுப்பது. குழாயைக் கையில் பிடித்தவன் லேசில் எழுந்திருக்க மாட்டான், அதற்குள் நாலு டீ குடித்துவிடுவான். அதுதான் எங்கள் பிழைப்பு.

கடையும் அதற்கு மேலே இருந்த சின்ன வீடும் எங்களுக்கு விசா கொடுத்த கஃபீலுடையவை. கடை நடக்கிற வரைக்கும் வீட்டில் இருந்துகொள் என்று அந்த அரபி சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் சுஐபு தன் மனைவி நஜீஹாவையும் மகள் ஹிஃப்ஸாவையும் வரவழைத்தான். நிக்காஹ் ஆனதிலிருந்து லீவுக்கு லீவு மட்டுமே முகம் பார்த்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி அவர்கள். வந்து இறங்கிய அன்று ஹிஃப்ஸா அவனை "மாமா" என்று கூப்பிட்டது. "அடியே, அது ஒன் வாப்பாடி" என்று நான்தான் திருத்தினேன். ஒரே வருஷத்தில் நிலைமை தலைகீழ். ஸ்கூல் பஸ் சந்து முனையில் நின்றதும் கல்லாவை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். பூட்டிவிட்டுப் போடா என்று நான் பின்னாலேயே கத்துவேன்.

கடைக்குப் பக்கத்தில் சாமான் போட்டு வைக்க ஒரு அறை உண்டு. புகையை விற்றுச் சாப்பிடுகிறோமே என்று சுஐபுக்கு மனசுக்குள் ஓர் உறுத்தல். அந்த அறையைக் கழுவிவிட்டு, கம்பளம் விரித்து, நாலு பேர் தொழ வழி செய்தான். எங்கள் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே! நாலு பேர் சேர்ந்து தொழுதுவிட்டால் போதும், மறுவாரமே அதைப் பள்ளிவாசல் என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். நோன்பு வந்தது, கஞ்சிக்கு அண்டா வந்தது, ஜமாத் வந்தது. "சுஐபு பள்ளி" என்று டாக்ஸி ஓட்டுகிறவர்கள்கூட வழி சொன்னார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த வருஷம் பலதியாவில், அதாவது நகராட்சியில், புதுச் சட்டம் போட்டார்கள். பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நூற்றைம்பது மீட்டருக்குள் ஷீஷாக் கடை இருக்கக் கூடாது. இருந்தால் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குப் போய்விட வேண்டும். கஃபீல் போன் செய்தார். "பெரிய பள்ளிவாசல் தள்ளித்தான் இருக்கிறது, ஸ்கூல் அதைவிடத் தூரம், மாஃபி முஷ்கில், நீ பயப்படாதே" என்றார். அவருக்கு அந்த அறை இன்னும் சாமான் அறைதான்.

சுஐபு போனை வைத்துவிட்டுப் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இதுக்கு ஏன்டா மச்சான் மூஞ்சியத் தொங்கப் போடுற?" என்றேன். "கம்பளத்தச் சுருட்டு. கரி மூட்டைய அடுக்கு. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போகட்டும், மறுநாள் விரிச்சிக்கலாம். தொழுகைய எங்க வேணும்னாலும் தொழலாம்டா, ஷீஷாவ எங்க வேணும்னாலும் விக்க முடியாது."

"கொடவுனுன்னு சொல்லச் சொல்றியா?"

"கொடவுனாத்தானடா இருந்துச்சு!"

நஜீஹா மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. "ஜாபர் காக்கா சொல்றத கேளுங்க" என்றது. "புள்ள இப்பத்தான் ஒங்கள வாப்பான்னு கூப்பிடுது." அந்த ஒரு பேச்சுக்கு அவன் எழுந்து போய்க் கம்பளத்தைச் சுருட்டினான். ஜமாத்துக்காரர்களிடம் நானே பேசினேன். ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. கொஞ்ச நாளைக்குப் பெரிய பள்ளிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபீசர் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் வந்தார். சின்ன வயசு, கால்வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா, சிரித்த முகம். ஒரு குச்சியில் சக்கரம் மாட்டியிருந்தது. அதை உருட்டிக்கொண்டே பெரிய பள்ளிவாசல் வரைக்கும் வெயிலில் நடந்து போய்த் திரும்பி வந்தார். எங்களுக்குப் புரிகிற இந்தியில் "தூரம் சரியாக இருக்கிறது, பாய்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் போட்டுக் கொடுத்த பாலில்லாத சுலைமானி டீயை ரசித்துக் குடித்தார்.

"பக்கத்து அறை என்ன?"

"கொடவுன், அர்பாப்" என்றேன் நான். சுஐபு கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்துக் கரி வேன் வந்து நின்றது. அதில் சுமை இறக்குகிற அழகுமலை விருதுநகர்ப் பக்கத்து ஆள். மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன், அறை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனான். போகிறவன் வருகிறவனெல்லாம் அங்கே கழற்றுவதைப் பார்த்துப் பார்த்து அவனுக்கும் அது பழகிப்போயிருந்தது. இறக்கிவிட்டு வந்து மாட்டினான். அடுத்த மூட்டைக்கு மறுபடியும் கழற்றினான். நான் அவனைப் பார்த்துக் கண்ணை உருட்டுகிறேன், மனுஷன் கவனித்தால்தானே!

ஆபீசர் சிரித்தார். "கொடவுனுக்குள் போக இவன் ஏன் செருப்பைக் கழற்றுகிறான்?"

"இப்பத்தான் தரை கழுவினோம், அர்பாப். மதராஸி பழக்கம்" என்று சமாளித்தேன். என் வாய் அன்றைக்கு எனக்கே ஆச்சரியம். அவரும் நம்பிவிட்டார். தலையாட்டிக்கொண்டே, உள்ளே ஒரு நோட்டம் விடலாம் என்று செருப்புக் காலை எடுத்து வாசற்படிக்கு மேலே வைக்கப் போனார்.

"லா! லா!" என்று அரபியில் ஒரு அலறல். சுஐபுதான். பாய்ந்து குனிந்து அவர் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தேள் கொட்டினால்கூட ஒருத்தன் அப்படிக் கத்த மாட்டான். ஆபீசர் ஒற்றைக் காலில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"செருப்பு வேண்டாம், அர்பாப்" என்றான் சுஐபு. "இது பள்ளிவாசல்."

நான் தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆபீசர் காலை மெதுவாக விடுவித்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கரி மூட்டைகளுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்தியிருந்த கம்பளத்தைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

"நான் உன்னைக் கேட்கவில்லையே. எதற்காகச் சொன்னாய்?"

சுஐபு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"காதில் வாங்கியதை வாங்காததுபோல் எழுத எனக்குத் தெரியாது" என்றார் ஆபீசர், மாடியில் காய்ந்துகொண்டிருந்த ஸ்கூல் யூனிஃபாரத்தைப் பார்த்தபடி. "என்னால் முடிந்தது தவணைதான். ஸ்கூல் பரீட்சை முடியட்டும். அதற்குள் கடையை மாற்றிக்கொள்." போகும்போது சுஐபின் தோளில் கை வைத்து, என்னை மன்னித்துக்கொள் என்று அரபியில் சொன்னார். நல்ல மனுஷன்தான். என்ன பிரயோஜனம்!

தொழிற்பேட்டையில் கடை போட இடம் கிடைத்தது. சுற்றிலும் கூலியாட்கள் தங்கும் கேம்ப்புகள், லாரி ஷெட்டுகள். அங்கே குடும்பத்தை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. புகைக்கு எந்த இடம் சரி என்று சட்டம் சொல்லிற்றோ, அந்த இடம் பெண்டு பிள்ளைகளுக்கு ஆகாது. மேல்வீட்டையும் கஃபீல் வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். விசாவை முடித்துவிட்டு நஜீஹாவும் ஹிஃப்ஸாவும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று ஆயிற்று.

அத்தனை நாளும் நான் அவனை விட்டேனா? காலையில் பால் காய்ச்சும்போது ஆரம்பித்தால் கடை சாத்தும் வரைக்கும் திட்டினேன். "கால வெச்சிட்டுப் போயிருப்பான்டா! ஒரு எட்டு! அதோட முடிஞ்சிருக்கும்டா மடையா!" அவன் ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னான். "நான் வேணும்னு செய்யலடா. கொடவுனுன்னு சொல்லத்தான் நானும் நின்னேன். வாய் தானா கத்திருச்சு." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். அதற்குப் பிறகும் நான் திட்டினேன். என் வாய் அப்படி.

ஏர்போர்ட்டுக்கு நானும் போயிருந்தேன். சுஐபு டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். ஹிஃப்ஸா பெட்டிகளுக்கு மேலே உட்கார்ந்து "வாப்பா, ஃபாஸ்ட்! ஃபாஸ்ட்!" என்று கத்திக்கொண்டிருந்தது. அவனும் ஓடினான். நஜீஹா நடையைத் தளர்த்தி என் பக்கத்தில் வந்தது.

"காக்கா, ஒண்ணு கேக்கட்டா? அந்த ஆபீசர் செருப்போட ஒரு எட்டு வெச்சிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?"

அத்தனை நாளும் நான் கத்திய அதே கேள்வி. ஒன்றுமே கெட்டுப் போயிருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். முன்னால் அவன் டிராலியோடு ஓடுவது தெரிந்தது. அவனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"கெட்டுத்தான் போயிருக்கும்மா" என்றேன்.

நஜீஹா என்னை நிமிர்ந்து பார்த்தது. கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் கொஞ்சமும் உடையவில்லை.

"எனக்கு அப்படித் தோணல காக்கா. அவுகட்ட இத சொல்லிராதிய."

சொல்லிவிட்டுப் போய், பெட்டி மேலிருந்து அவன் தூக்கி இறக்கிய பிள்ளையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.