கயிற்றுக்கு வெளியே

வரிசை இரண்டடி நகர்ந்தது. இமோஜீன் கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தானும் இரண்டடி நகர்ந்தாள். முன்னால் இன்னும் பதினேழு பேர். அவர்களுக்கு அப்பால், சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு வெல்வெட் கயிற்றுக்குள், திறந்த பெட்டியில் அவளுடைய தம்பி வெர்ஜில் கிடந்தான். அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலக் கோட்டைத்தான் போட்டிருந்தார்கள். காலர் சரியாக மடியவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில், குடும்பத்தார் நிற்கிற இடத்தில், ஓடெல் தனியாக நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தான். ஓடெல் இந்தக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. டென்னசியில் அதைத் தெரிந்தவர்களில் மிச்சம் இருந்தது மூன்று பேர். அதில் ஒருவன் இப்போது பெட்டிக்குள்.

1959-இல், கெண்டக்கியிலிருந்து இவர்கள் பிழைக்க வந்த புதிதில், மல்யுத்தம் நடத்துகிற முதலாளி ஒருவர் வெர்ஜிலையும் ஓடெலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்தார். "மூக்கு ஒரே மாதிரி இருக்கு. இன்னையிலேர்ந்து நீங்க அண்ணன் தம்பி" என்றார். வெர்ஜில் பக் டால்ஹார்ட் ஆனான், ஓடெல் ஜெட் டால்ஹார்ட். மேடைக்கு வெளியிலும் அந்த வேஷம் கலையக் கூடாது. அன்றிலிருந்து ஊருக்கு முன்னால் வெர்ஜிலுக்கு அக்கா கிடையாது. மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால், "சௌக்கியமாங்க மேடம்" என்று தொப்பியைத் தொடுவான். அவளும் தலையசைத்துவிட்டுப் போவாள்.

சனிக்கிழமை காலையில் டிவியில் பார்த்துக்கொள்வாள். ஜோடிச் சண்டையில் ஒருவன் உள்ளே அடி வாங்குவான். மற்றவன் மூலையில், வெளியே, அங்கே கட்டியிருக்கும் குட்டைக் கயிற்றைப் பிடித்தபடி கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கயிற்றை விடக் கூடாது. உள்ளே இருப்பவன் வந்து அந்தக் கையைத் தொட்டால்தான் இடம் மாறலாம். வெர்ஜில் தவழ்ந்து வந்து ஓடெலின் கையைத் தொட்ட பிறகுதான் இமோஜீன் காப்பியை வாயில் வைப்பாள்.

இன்று காலைப் பேப்பரில் மரண அறிவிப்பு வந்திருந்தது. 'இவருக்கு ஜெட் டால்ஹார்ட் என்ற சகோதரர் இருக்கிறார்.' அவ்வளவுதான். அவள் படித்து முடிப்பதற்குள் ஓடெல் போன் செய்துவிட்டான்.

"பேப்பர்க்காரன், கூடப் பொறந்தவங்க யாருன்னு கேட்டான், இமோஜீன். முப்பத்தஞ்சு வருஷமா சொன்னது. வாய் தானா சொல்லிடுச்சு."

"சரி."

"நாலு வார்த்த திட்டவாவது செய்யேன்."

"எதுக்கு?"

"சாயங்காலம் வந்து எங்கூட நில்லு."

"யாருன்னு சொல்லி நிக்கட்டும்?"

மறுமுனையில் அவன் நாற்காலியை இழுத்து உட்காருவது கேட்டது.

"வைக்கிறேன் ஓடெல். சோளரொட்டி கருகுது."

அடுப்பில் எதுவும் இல்லை.

வரிசை மறுபடி நகர்ந்தது. அவளுக்கு முன்னால் நின்ற பஸ் டிரைவர் ஹெர்ஷல், மனைவி வில்மாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கையில் எண்ணெய்க்கறை படிந்த நோட்டு. கம்பர்லாந்து ஜோடிப் பட்டத்தை யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் ஜெயித்தார்கள் என்று முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருந்தார்.

"பக்கும் ஜெட்டும் ஜெயிச்சது எட்டு தடவ" என்றாள் வில்மா.

"ஒம்பது. ஷெல்பிவில்ல ஜெயிச்சத நீ சேத்துக்கவே மாட்டே."

"அதான் மறுவாரமே புடுங்கிட்டாங்களே. ஏமாத்தி ஜெயிச்சது."

"புடுங்குனாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான். நோட்டுல இருக்கு."

"நம்ம கல்யாண நாள் இருக்கா அந்த நோட்டுல?"

"அன்னிக்கு பட்டத்து பெல்ட்டு கை மாறலடி."

அவர் இமோஜீன் பக்கம் திரும்பினார். "நீங்களே பாருங்கம்மா. தோக்காமயே பட்டத்த விட்ட ஒரே ஜோடி இவங்கதான்." விரல் வைத்த இடத்தில் எழுதியிருந்தது: அக்டோபர் 1967. பக்குக்குக் கால் முறிவு. பட்டம் காலி.

இமோஜீன் அந்த வரியைப் பார்த்தாள். அந்த அக்டோபரில் அம்மா செத்துப்போனாள். ஊருக்குப் புரூயிட் கிழவியான அவள் செத்ததற்கு பக் டால்ஹார்ட் ஏன் லீவு எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதனால் முதலாளி டிவியில் கால் முறிந்ததாகச் சொல்லி, நல்ல காலில் மாவுக்கட்டுப் போட வைத்தார். ஆறு வாரம். வெர்ஜில் அந்தக் கட்டோடு கல்லறைக்கு வந்து, வேலியோரம் ஊன்றுகோலோடு நின்றான், வழியில் போனவன் மாதிரி. பெட்டி தூக்க ஓர் ஆள் குறைந்தது. ஒரு மூலையை இமோஜீன் பிடித்தாள்.

"எந்தக் கால்னுதான் எழுதாம விட்டுட்டேன்" என்றார் ஹெர்ஷல். "எடதுன்னு ஞாபகம்."

இமோஜீன் கைப்பையை மறுபடி கை மாற்றினாள்.

"வலது" என்றாள். "வலது கால்."

"பாத்தீங்களா நீங்க?"

"பாத்தேன். ரொம்ப நாள் கட்டோட இருந்தாரு."

ஹெர்ஷல் சந்தோஷமாகப் பேனாவை எடுத்து, நோட்டை வில்மாவின் முதுகில் வைத்து எழுதிக்கொண்டார்.

பெட்டியருகே போனதும் ஓடெலின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். "அப்படியே உங்க அண்ணன் மூக்கு, ஜெட்."

"எல்லாரும் சொல்றாங்க."

இமோஜீனின் முறை வந்தது. வெர்ஜிலின் காலரை நேராக்க ஒரு கணம் விரல்கள் எழுந்தன. பெட்டியை விட்டு அந்தக் கையை ஓடெலிடம் நீட்டினாள்.

"உங்க அண்ணன் போனதுக்கு வருத்தப்படறேங்க."

ஓடெல் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு தன் உள்ளங்கையை விரித்து, அவள் உள்ளங்கையில் ஒருமுறை தட்டினான். சத்தம் கூடக் கேட்கவில்லை.

"முட்டி விட்டுப்போச்சு" என்றான் உரக்க. "நீ நில்லு."

கயிற்றின் கொக்கியைக் கழற்றி வெளியே வந்திருக்கலாம். எழுபது வயது உடம்பை வளைத்து, கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியேறினான்.

"என்ன ஜெட், எங்க போறீங்க?" என்றாள் வில்மா. "யாரு அந்தம்மா?"

ஓடெல் மூலைக் கம்பத்தருகே போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹெர்ஷல் அந்தக் கையைப் பார்த்தார். நோட்டைத் திறந்தார், மூடிச் சட்டைப்பைக்குள் செருகினார்.

இமோஜீன் கயிற்றுக்கு உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில் அவன் நின்ற இடத்தில் நின்று, காலரை மடித்துவிட்டாள். வரிசையில் அடுத்து நின்றவர் தொப்பியைக் கழற்றி, என்ன சொல்வதென்று தெரியாமல் அவளிடம் கை நீட்டினார். அவள் கொடுத்தாள். அடுத்தவரும் நீட்டினார்.

மூலையில் ஓடெல் கயிற்றை விடவில்லை.