பென்சில் கோடு

எனக்கு மூக்கு மேல கோபம்னு வீட்டுக்காரர் அடிக்கடி சொல்லுவார். பொய்யில்ல. அன்னிக்கு அந்தக் கோபத்தை மொத்தமா தப்பான இடத்துல கொட்டிட்டேன்.

நான் கல்லூரியில மின்னியல் பாடம் எடுக்கிறவ. மின்சாரம் கசியாம தடுக்கிற ஒரு மேல்பூச்சை மூணு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். பூச்சு மட்டும் இல்ல. அதை மாணவிங்களே கண்ணாடித் தகட்டுல பூசி, அவங்களே அளந்து பார்த்தா பாடம் மனசுல நிக்கும்ங்கிறதும் என் ஆராய்ச்சிதான். எங்க துறைத்தலைவருக்கு அதுல துளியும் நம்பிக்கை இல்ல.

"குரங்கு கையில பூமாலை கொடுக்கிறீங்கம்மா. மூணு மணிக்கு வந்து பார்ப்பேன். அளவு சரியா வரலேன்னா பிள்ளைங்களை இதுல இருந்து எடுத்துடுவோம்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

மணி ரெண்டு. பன்னிரண்டு தகட்டுல பதினொண்ணு கசிஞ்சது. கொஞ்ச நஞ்சமில்ல, மீட்டர் முள்ளு எகிறிப் போய் நின்னுச்சு.

"பூசச் சொன்னா பூசினீங்களா, கோலம் போட்டீங்களா? மூணு வருஷத்தை ஒரே நாள்ல கெடுத்துட்டீங்களே!"னு கத்தினேன்.

ஒரே ஒரு தகடுதான் கசியல. அது கொட்டாவியோடது. வகுப்புல எப்பவும் தூங்கி வழியிறதால அவளுக்கு அந்தப் பேர். இவளாவது, ஒழுங்கா பூசுறதாவது! அளக்காமலே அளவை அவளா எழுதிட்டாள்னு நினைச்சேன்.

"என் முன்னாடி அளந்து காட்டு."

அளந்தாள். முள்ளு அசையவே இல்ல.

"மேடம், நான் கோடு போடல," அப்படின்னாள் தயங்கித் தயங்கி.

"எந்தக் கோடு?"

"மீட்டரோட ரெண்டு முனையும் நேரா வைக்கணும்னு, பூச்சு மேல பென்சில்ல கோடு போடச் சொன்னீங்கல்ல. எல்லாரும் போட்டாங்க. எனக்குச் சோம்பலா இருந்துச்சு, குத்துமதிப்பா வெச்சுட்டேன். பென்சில்ல இருக்கிறது கரிதானே மேடம், அது கரண்டைக் கடத்துமே."

கோடு போடச் சொன்னது நான். செய்முறைத் தாள்ல கொட்டை எழுத்துல அச்சடிச்சுக் கொடுத்ததும் நான். ரப்பரை எடுத்து ஒரு தகட்டுல கோட்டைத் தேய்ச்சு அழிச்சேன். திரும்ப அளந்தேன். முள்ளு அப்படியே படுத்துடுச்சு. அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது.

"தப்பு என்னுதும்மா. திட்டினதுக்கு மன்னிச்சுக்குங்க. எல்லாரும் கோட்டை அழிங்க, சீக்கிரம்"னேன். மூணு மணிக்குள்ள பன்னிரண்டும் சரியா வந்துடுச்சு.

துறைத்தலைவர் வந்ததும் நடந்ததை மறைக்காம சொன்னேன். சொல்லாம விட்டிருந்தா தெரிஞ்சிருக்காது, ஆனா மனசு கேக்கல. அவர் கொட்டாவி பக்கம் திரும்பினார்.

"கரி கடத்தும்னு உனக்கு யார் சொன்னது?"

"மேடம்தான் சார், முதல் வாரம் ஒவ்வொரு பொருள்லயும் வயரை மாத்தி மாத்தி வெச்சு, எது கடத்தும்னு எங்களையே பார்க்கச் சொன்னாங்க. அன்னிக்கு நான் தூங்கல."

அவர் சிரிச்சுட்டார். அளவுத் தாளைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம கையெழுத்துப் போட்டார்.

"பிள்ளைங்க இருக்கட்டும்மா. நடத்துங்க."

அவர் கதவைத் தாண்டினதும் ஸ்டூல்ல உக்காந்து அழுதேன். பிள்ளைங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எனக்கு வெக்கமாவே இல்ல.